சுங்கைப் பட்டாணி டோல் வரை

அண்ணி, நேற்று மத்தியானம் கிளைடர் வந்து சேர்ந்தது. லோரிக்காரர் போர்ச்சில் இறக்கி வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நீளப் பையின் ஜிப்பைப் பாதி திறந்தேன். காய்ந்த புல்லின் வாசனை குப்பென்று வந்தது. கூடவே ஆஸ்திரேலியச் செம்மண் கொஞ்சம் நம் சிமெண்டுத் தரையில் கொட்டியது. நீங்கள் இருந்தால், "வெளிநாட்டுக் குப்பைய கொட்டுறதுக்கு என் வாசல்தான் கெடச்சிச்சா?" என்று துடைப்பத்தோடு வந்திருப்பீர்கள். நான் துடைப்பத்தைத் தேடவில்லை. அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தப் பைக்காக இருபத்து மூன்று நாள் காத்திருந்தேன். அண்ணனிடம் கேட்ட ஒரு கேள்விக்கு இது வந்தால்தான் பதில் கிடைக்கும் என்று ஆகியிருந்தது. கடைசி நாட்களில் நீங்கள் என்னைக் கேட்டீர்களா? அவ்வளவுதான் கேள்வி. கேட்டீர்கள் என்றால் ஒரு விதமாகச் செத்துப்போவேன், கேட்கவில்லை என்றால் வேறு விதமாக. இருந்தாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாமல் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அண்ணன் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொன்னார். "மொதல்ல சாமான் வரட்டும் பாப்பா. வேன்ல ஏத்துவோம். அப்புறம் சொல்றேன். அவ சட்டம் ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

வெளியாட்களிடம் நம் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள், அண்ணி. புக்கிட் செலம்பாவில் ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஒருத்தி. அவள் புருஷனின் தங்கை, கூலிம் தொழிற்சாலையில் டெக்னீஷியன், கல்யாணம் ஆகாதவள். அந்தத் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் மலையிலிருந்து குதிக்கிறாள், அண்ணி வேனில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருகிறாள். எங்கள் தொழிற்சாலைக்கு வந்திருந்த ஆஸ்திரேலிய இன்ஜினியர் ஜெராய் மலையிலிருந்து கிளைடரில் பறக்கிறார் என்று கேள்விப்பட்டு, சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஓராண்டில் நானே பறக்கக் கற்றுக்கொண்டு, அவர் ஊர் திரும்பியபோது அவருடைய பழைய கிளைடரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அலுமினியக் குழாய்களும் துணியுமாக, மடித்தால் ஐந்து மீட்டர்ப் பை, விரித்தால் வீட்டைவிட அகலமான சிறகு. அண்ணன் பார்த்துவிட்டு, "இத எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் பையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தீர்கள். "இதுல நீ தொங்கிக்கிட்டுப் போவே. பின்னாலயே வண்டி ஓட்டிக்கிட்டு வர்றது யாரு? இந்த இளிச்சவாய்ச்சிதானே?" என்றீர்கள். மறுவாரமே வேன் கூரையில் இரும்புச் சட்டம் அடித்துவிட்டீர்கள்.

உங்களைப்போல ஒரு டிரைவர் எந்த நாட்டிலும் கிடையாது. மலை உச்சிவரை வேனை ஏற்றுவீர்கள். நான் சிறகின் கீழே மாட்டிக்கொண்டு தரையில் படுத்ததும், என் முதுகுக்கு மேலே இருக்கும் கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பீர்கள். கொக்கி மாட்டாமல் ஓடிக் குதித்துச் செத்தவர்கள் உண்டு என்று அந்த இன்ஜினியர் ஒரு தடவை சொன்னதுதான், அதற்குப் பிறகு என்னை நம்பி நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. நான் ஓடிப் பாய்ந்ததும் வேனில் ஏறி, அந்த வளைவுகளில் இறங்கி, கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டே பீடோங் பக்கம் வருவீர்கள். அறுத்த வயலிலோ ஏதாவது பள்ளிக்கூடத்துப் பாடாங் திடலிலோ நான் இறங்குவேன். இறங்கியதும் சிறகைச் சட்டென்று மடிக்க வேண்டும். விரிந்தபடியே கிடந்தால் ஆளுக்கு அடி என்று அர்த்தம். தூரத்திலிருந்தே நீங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒரே ஒருமுறை அது விரிந்தபடி கிடந்தது. கிடந்தது என்பதுகூடச் சரியில்லை, ரப்பர் மரத்தில் தொங்கியது. அன்று காலை மலை உச்சியில் கிளைடரைப் பூட்டி முடித்த நேரம், எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை போன் செய்தார். இந்தக் கல்யாணம் சரிப்பட்டு வராது என்றார். ஆள் மோசமில்லை, நேரம் பார்க்கத் தெரியாதவர். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஓடிக் குதித்தேன். பத்தே நிமிடம். காற்று எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று எதுவும் மண்டையில் ஏறவில்லை. தாழ்ந்துகொண்டே வந்து ஒரு கித்தாத் தோட்டத்துக்குள் போய் விழுந்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்தது. நீங்கள் பாராங் கத்தியால் புதரை வெட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் ஓடி வந்தீர்கள். பின்னாலேயே அண்ணன் வந்து, இருவருமாக என்னைக் கீழே இறக்கினீர்கள். நான் போன் விஷயத்தைச் சொன்னதும்தான் வெடித்தீர்கள்.

"இனிமே பறக்கிற அன்னிக்கு ஒன் போன் என் கையில. எழவு விழுந்தாலும் சரி, வீடு எரிஞ்சாலும் சரி, ஒங்கிட்ட யாரும் எதுவும் சொல்லக்கூடாது. எல்லாக் கெட்ட சேதியும் எங்கிட்ட வரட்டும். நீ எறங்கி, இந்தச் சனியன மடிச்சு, வேன் மேல ஏத்திக் கட்டுன பெறகு நான் சொல்வேன். கேட்டுச்சா?"

கேட்டது. எனக்கு மட்டுமில்லை, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது சட்டமாகிவிட்டது.

எத்தனை ஆண்டு அதை நடத்தினீர்கள்! கூரையில் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு வந்து உட்காருவேன். கறிபாப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் கொடுத்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிவிட்டு, தொண்டையைச் செருமுவீர்கள். அண்ணன் மோட்டார் சைக்கிளில் விழுந்த செய்தி, அடுப்படிச் சீலிங் இடிந்த செய்தி, என் பூனை செத்த செய்தி, எல்லாம் அந்த முன் சீட்டில் உட்கார்ந்து வாங்கியவைதான். ஒன்றுமில்லாத நாட்களில் நான் முடிச்சை முடித்து இறங்குவதற்குள், "பயப்படாம வா லா, இன்னிக்கு சேதி இல்ல" என்று குரல் கொடுப்பீர்கள். அந்த நாட்களில் கறிபாப்புக்கு இருந்த ருசியே தனி. எனக்கு அந்தச் சட்டம் பிடித்திருந்தது, அண்ணி. ஒளிக்காமல் சொல்கிறேன். என் சுமையை நீங்கள் சில மணி நேரம் வைத்திருப்பது எனக்குச் சொகுசாக இருந்தது. உங்கள் சுமையை யார் வைத்திருக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து அந்த இன்ஜினியர் கூப்பிட்டபோது முதலில் தலையாட்டியதும் நீங்கள்தான். மூன்று மாதம், அந்த நாட்டின் உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும் வெளியில் பறக்கலாம் என்றார். தொழிற்சாலையில் விடுப்புத் தரமாட்டேன் என்றார்கள். "வேலைய விட்டுட்டுப் போ. ஒன் கைக்கு எங்கயும் வேலை கெடைக்கும். வயசு திரும்பிக் கெடைக்குமா?" என்றீர்கள். நாற்பத்தொன்று எனக்கு, ஐம்பது உங்களுக்கு. பினாங்கு விமான நிலையத்துக்கு நீங்களே ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். இட்லிப்பொடி, நெத்திலி சம்பல், தைலம் எல்லாவற்றையும் என் பையில் திணித்தீர்கள். இடையில் ஒருமுறை வயிற்றில் கையை வைத்துக் குனிந்தீர்கள். என்ன என்று கேட்டேன். "கேஸ்" என்றீர்கள். சரி என்று உள்ளே போய்விட்டேன்.

அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை. மலை கிடையாது, ஒரு குட்டி விமானம் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு மேலே போய் விட்டுவிடும். பிறகு மணிக்கணக்காகக் காற்றுதான். நம் செம்பனைத் தோட்டங்களுக்கு மேல் பறக்கும்போது இறங்க இடம் தேடியே பாதி உயிர் போகும். அங்கே இறங்க இடம் தவிர வேறொன்றும் இல்லை. கொக்கியைச் சரிபார்க்க யாரோ ஒருவர் வந்து கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போவார். வண்டியில் வந்து ஏற்றிக்கொள்கிறவர்கள் நல்லவர்கள், ஆனால் டீ கிடையாது, திட்டு கிடையாது. தினமும் நான் இறங்கி மடித்ததும் உங்கள் குரல் போனில் காத்திருக்கும். பத்து எழுத்துத் தட்டச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் பேசியே அனுப்புவீர்கள். அண்ணன் ரசத்தில் உப்பில்லை என்றது, வேனில் ஒரு பெண் வாந்தியெடுத்தது, பக்கத்து வீட்டு மாமரம் நம் பக்கம் சாய்ந்தது. "மத்தபடி சேதி இல்ல" என்று முடிப்பீர்கள்.

இரண்டாவது மாதத்திலேயே உங்கள் கணையத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதிக நாள் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அன்று அனுப்பிய குரலை இருபது முறைக்கு மேல் கேட்டுவிட்டேன். மாமரத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள்.

பிறகு நான் உங்களிடம் கேட்ட ஒரு கேள்வி. மூன்று மாதம் முடியும் நேரம். ஒரு போட்டிக் குழுவில் ஆள் குறைகிறது, இன்னும் ஆறு வாரம் இருக்கிறாயா என்று அங்கே கேட்டார்கள். உங்களைக் கூப்பிட்டேன். உங்கள் குரல் தேய்ந்து வந்தது.

"ஏன் அண்ணி ஒரு மாதிரி பேசுறீங்க?"

"இன்னும் பசியாறல. அதான்."

பின்னால் கீக், கீக் என்று ஏதோ சத்தம். அது என்ன என்றேன்.

"வேன ரிவர்ஸ் எடுக்கிறேன் லா. சொல்லு, என்னா விஷயம்?"

சொன்னேன். அந்தக் கீக், கீக் மட்டும் கேட்டது. வேனைத் திருப்புகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, "இரு. ஆசைப்பட்டுப் போயிருக்கே, முடிச்சிட்டு வா. இங்க என்னா தீப்பிடிச்சா கெடக்கு?" என்றீர்கள். நான் துள்ளிக் குதித்தேன். உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று வேறு கேட்டேன். அந்தச் சத்தம் உங்கள் கையில் மருந்தேற்றிக்கொண்டிருந்த இயந்திரத்தின் சத்தம் என்று அண்ணன் இப்போதுதான் சொன்னார். வேன் அன்றைக்கு இந்தப் போர்ச்சில்தான் நின்றிருக்கிறது.

ஏன் அண்ணி? ஒரு வார்த்தை. "வா" என்று ஒரு வார்த்தை. கிளைடரையும் போட்டியையும் அந்த வயல்வெளியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா? எந்தப் பாவி சட்டம் போட்டாலும் அதற்கு ஒரு அளவு இருக்க வேண்டாமா? உங்கள் மேல் இருக்கும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் உங்கள் குரல் நின்றது. எழுத்தில் செய்தி வந்தது. தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை, சாப்பிடு, பத்திரம். நான் அதை நம்பினேன். தட்டவே தெரியாத அண்ணி எப்படித் தட்டுகிறார் என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. போட்டி நடந்துகொண்டிருந்தது, நம்புவது வசதியாக இருந்தது. போட்டி முடிந்தது. கிளைடரைக் கப்பலில் அனுப்பக் கொடுத்துவிட்டு, கடற்கரையில் பத்து நாள் சும்மா படுத்துக் கிடந்தேன். படம் எடுத்து அனுப்பினேன். "நல்லா இருக்கு" என்று பதில் வந்தது. அப்போது நீங்கள் போய் ஒரு வாரத்துக்கு மேல்.

பினாங்கில் இறங்கி வெளியே வந்தால் வேன் நிற்கிறது. பக்கத்தில் அண்ணன், தலையில் தொப்பி. அவர் தொப்பி போட்டு நான் பார்த்ததே இல்லை. நான் கிட்டே போனதும் தொப்பியைக் கழற்றினார். தலையும் மீசையும் மழித்திருந்தது. பிள்ளை இல்லாத உங்களுக்கு அவர்தானே எல்லாம் செய்ய வேண்டும். "பத்தொம்போது நாளாச்சு பாப்பா," என்றார். "மூணு நாளுக்கு முந்திதான் கருமக்கிரியை முடிச்சோம்." நான் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். பிறகு பின்சீட்டெல்லாம் பார்த்தேன். பைத்தியம் மாதிரி அந்த வேனை இரண்டு முறை சுற்றி வந்தேன் என்று அண்ணன் சொன்னார். எனக்கு நினைவில்லை.

நம் ஆட்களிடம் ஒரு ரகசியம் அரைநாள் தாங்காது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்த சங்கதி மறுநாளே செர்டாங் வரைக்கும் போய்விடும். ஆனால் இந்த ஒன்றை மட்டும் காப்பாற்றியிருக்கிறார்கள், அண்ணி. பாடாங் மேஹாவிலிருந்து உங்கள் அக்காவும் அவர் குடும்பமும் வந்து பாடையோடு போயிருக்கிறார்கள். இணையத்தில் படம் போட்டு இரங்கல் எழுதியவர்களைக்கூட அதை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆகாசத்துல இருக்கிற புள்ளகிட்ட எப்படிமா சொல்றது? கைகால் நடுங்கி கீழ விழுந்துட்டா? ஒங்க அண்ணி போட்ட சட்டமாச்சே" என்று அழுதார். எல்லோரும் என்னைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் இருந்தார்கள். நான் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்போல ஒரு முகம் வைத்திருந்தார்கள்.

அப்போதிருந்துதான் அண்ணனைக் கேட்க ஆரம்பித்தேன். பிடிவாதக்காரர் என்று உங்களுக்குத் தெரியும். செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது ஆண்டு, சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார். சாமான் வரட்டும் என்றார். கத்தினேன், கெஞ்சினேன், மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் வேலைக்குப் போய்விட்டு வந்து உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கப்பல் எங்கே என்று பட்டர்வொர்த் ஏஜெண்டை நான் தினமும் போனில் அரித்ததில், அந்தப் பெண் என் குரலைக் கேட்டதுமே "பெலும் லாகி, காக்" என்பாள். இன்னும் வரவில்லை அக்கா. நான் உங்கள் வேனில் போய் உட்கார்ந்துகொள்வேன். உங்கள் அளவுக்குத் தள்ளி வைத்த சீட்டை மாற்ற மனம் வரவில்லை. கால் எட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.

நேற்று வந்துவிட்டது. அண்ணன் வேலை முடிந்து வந்ததும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. டீகூடக் குடிக்காமல் பையின் முன்பக்கத்தைப் பிடித்தார். அது நீங்கள் பிடிக்கும் பக்கம். அவருக்குத் தூக்கத் தெரியவில்லை, இரண்டு தடவை கம்பியில் இடித்தது. நான் கூரையில் ஏறி முடிச்சுகளைப் போட்டேன். இறங்கி வந்து முன் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் டிரைவர் சீட்டில். வண்டி எங்கும் போகவில்லை.

"அவ அப்படி சொல்லல பாப்பா," என்றார்.

"எப்படி?"

"சாமான் வந்த பெறகு சொல்லுங்கன்னு அவ சொல்லல. நான்தான் அப்படிச் சொல்லி நாளக் கடத்துனேன். எனக்கு வாய் வரல."

பிறகு சொன்னார். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அண்ணி.

செவ்வாய்க்கிழமை காலை, சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில். அதுவரைக்கும் என்னிடம் மூச்சுவிடக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த நீங்கள், கண்ணை விழித்ததும், "என்னாங்க, பாப்பாவ வரச் சொல்லுங்க" என்றீர்களாம். போட்டி முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, நீதானே சொல்லக்கூடாது என்றாய் என்று இவர் கேட்டிருக்கிறார். "சட்டம் கெடக்குது. எனக்கு அவளப் பாக்கணும்" என்றீர்களாம். இவர் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போயிருக்கிறார். என் நம்பரைத் தேடும்போது அன்று காலை நான் போட்ட படம் கண்ணில் பட்டிருக்கிறது. ஹெல்மெட்டோடு, பல்லெல்லாம் தெரிய, சிறகின் கீழே நிற்கிறேன். இப்போது சொன்னால் விழுந்துவிடுவாள் என்று பயந்துவிட்டார். அன்றைக்குக் கித்தா மரத்திலிருந்து என்னை இறக்கியது அவருக்குக் கண் முன்னால் வந்திருக்கிறது. அதற்குள் நீங்கள் கொஞ்சம் தேறுவீர்கள், மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். உள்ளே போய், "சொல்லிட்டேன். கெளம்பிட்டா" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவரால் திரும்ப முடியவில்லை. நீங்கள் விடவில்லை. எத்தனை ஆண்டு என்னைத் தேடிக்கொண்டே ஓட்டியவர், படுக்கையிலும் அதையேதான் செய்திருக்கிறீர்கள்.

"எங்க வந்திருக்கா?"

"சிட்னி."

"கிளைடர மடிச்சிட்டாளா?"

"மடிச்சிட்டா."

"அப்ப சரி. நீங்க யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. வந்ததும் நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்."

புதன்கிழமை காலை கோலாலம்பூர் என்றாராம். மத்தியானம் பினாங்கில் இறங்கிவிட்டாள் என்றாராம். உங்களுக்கு உடனே கவலை வந்துவிட்டது. "வேன் இங்க நிக்குதே. யாரு போயி ஏத்துறது?"

"டெக்சி புடிச்சிட்டா."

"மெதுவா ஓட்டச் சொல்லுங்க. வேகமா வந்தா அவளுக்குக் கொமட்டும். பசியாறுனாளா?"

"ஆறிட்டா."

பாலம் தாண்டிவிட்டாள். ஜூரு தாண்டிவிட்டாள். பெர்த்தாம் வந்துவிட்டாள். நான் வராத சாலையில் என்னை ஊர் ஊராகக் கொண்டுவந்திருக்கிறார், அண்ணி. ஒவ்வொரு பெயருக்கும் நீங்கள் தலையை ஆட்டினீர்களாம். நர்ஸைக் கூப்பிட்டுத் தலையை வாரிவிடச் சொன்னீர்களாம். ஐந்து மணிக்கு மறுபடி கேட்டீர்களாம். "டோல் வந்துட்டா. சுங்கைப் பட்டாணி டோல்" என்றாராம். கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். நான் அவரை அடித்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரை எதிர்த்துக் கையை ஓங்கியதில்லை. நேற்று தோளில், முதுகில், முடி முளைத்துவரும் அந்தத் தலையில், கை வலிக்கும்வரை அடித்தேன். அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. "அடி பாப்பா" என்று மட்டும் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அவரை என்ன செய்வது, சொல்லுங்கள். அந்தப் பொய் இல்லையென்றால் நான் உங்களிடம் வந்திருப்பேன். செவ்வாய் காலை சொல்லியிருந்தால் புதன் ஐந்து மணிக்குள் வந்திருக்க முடியும், ராத்திரி முழுவதும் நேரங்களைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டேன். வந்திருக்க முடியும். வேறு பக்கம் பார்த்தால், அந்தப் பொய்தான் கடைசிவரை உங்களைக் காத்திருக்க வைத்தது. அவள் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் போகவில்லை. அவரை வெறுக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. மன்னிக்கப் பார்க்கிறேன், அதுவும் முடியவில்லை. இன்று காலை அவருக்குத் தோசை சுட்டு மேசையில் மூடி வைத்தேன். கூப்பிடவில்லை.

பிறகு வேனை எடுத்தேன். கிளைடர் கூரையிலேயே இருந்தது, இறக்கத் தோன்றவில்லை. சீட்டை எனக்கு ஏற்ற மாதிரி முன்னால் இழுத்துக்கொண்டேன். அதற்கு நீங்கள் மன்னிக்க வேண்டும், பிரேக் எட்டவில்லை. நெடுஞ்சாலையில் ஏறி, பெர்த்தாம்வரை தெற்கே போய், அங்கே திரும்பி, டெக்சியில் வருகிறவள் வரும் திசையிலேயே வந்தேன். டோலைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மெதுவாகத்தான் ஓட்டினேன், நீங்கள் சொன்னபடி. சிவப்பு விளக்குகளில் நின்றேன். ஆஸ்பத்திரியில் வண்டியை விட இடம் கிடைக்காமல் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அண்ணன் சொன்ன மாடிக்குப் படியில் ஏறினேன். ஜன்னலோரம், கதவைப் பார்த்த கட்டில். அதில் ஒரு மலாய் அம்மா படுத்திருந்தார். யாரையோ எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது, நான் உள்ளே வந்ததும் தலையைத் தூக்கினார். "சாரி சியாப்பா, நாக்?" என்று கேட்டார். யாரைத் தேடுகிறாய், மகளே?

இடம் மாறி வந்துவிட்டேன் என்று மலாயில் ஏதோ உளறிவிட்டு இறங்கி வந்தேன்.

இருபது நிமிடம் ஆகிறது, அண்ணி, டோலிலிருந்து உங்கள் கட்டிலுக்கு. நீங்கள் கண் மூடும்போது நான் அந்த இருபது நிமிடத்துக்குள் எங்கோ வந்துகொண்டிருந்தேன். உங்களுக்கு அது உண்மை. எனக்கு இனி அது ஒன்றுதான் வழி, சாகிறவரைக்கும் அதில்தான் வந்துகொண்டிருப்பேன்.